தகரக் குரல்

மார்ச் 4, செவ்வாய்

மன்னிக்கவும். இப்படி உட்கார்ந்து எழுதுவது எனக்கே கொஞ்சம் அதிகப்படியாகத்தான் படுகிறது. எழுதி வைக்கிற அளவுக்கு எனக்கு என்ன நடந்துவிட்டது? ஆனால் தொண்டை டாக்டர் ஒரு வாரம் பேசக் கூடாது என்று சொல்லிவிட்டார். கிசுகிசுக்கவும் கூடாதாம். "பேசித்தான் பொழைக்கிறியா? அப்ப வாயை மூடிக்கிட்டு அதைக் காப்பாத்து" என்றார். பேசாமல் இருப்பது எனக்குப் புதிதில்லை. பள்ளிக்கூடத்திலேயே ஊமைக்கோட்டான் என்று பெயர் வாங்கியவள். ஆனால் வாயை மூடச் சொன்ன பிறகுதான் உள்ளே இரைச்சல் கூடுகிறது. எங்காவது இறக்கி வைக்க வேண்டும். அதற்காகத்தான் இது.

என் வேலை, சினிமாவில் இன்னொருவருக்குக் குரல் கொடுப்பது. நான்கு வருடமாக ஒரே ஒருவருக்கு. அவர் யார் என்று வெளியே சொல்ல மாட்டேன் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அதனால் இங்கேயும் மேடம் என்றே எழுதுகிறேன். பழக்கம் விட்டுப்போகக் கூடாது.

மூக்கு அடைப்பு. தொண்டையில் முள். ஆவி பிடித்தேன்.

மார்ச் 6, வியாழன்

வேலை இல்லாவிட்டாலும் ஸ்டுடியோவுக்குப் போனேன். அறையில் தனியாக இருக்கப் பிடிக்கவில்லை. சவுண்டு அண்ணன், "என்ன தங்கச்சி, வாய்க்குப் பூட்டா? சாவி யார்கிட்ட?" என்றார். மூக்கைக் காட்டினேன். சிரித்தார்.

எனக்கு அந்த அறை பிடிக்கும். சுவர் முழுக்க மெத்தை, கறுப்புத் திரைச்சீலை, நடுவில் ஒரு மைக். டேக் ஓடும்போது மின்விசிறியை அணைத்துவிடுவார்கள். வயிறு இரைந்தால்கூட மைக் பிடித்துவிடும் என்பதால் பையில் எப்போதும் பிஸ்கட் வைத்திருப்பேன். இருட்டு. யாரும் என்னைப் பார்க்க மாட்டார்கள். கல்லூரியில் வாய்மொழித் தேர்வில் பதில் எல்லாம் தெரிந்தும் நாக்கு மேலே ஒட்டிக்கொண்டு நின்றவள் நான். இந்த இருட்டில் மட்டும் எனக்குப் பேச வரும். அதுவும் பேசுவது நான் இல்லை என்பதால்.

படத்தில் மேடம் பேசுவதற்கு முன் மூச்சை இழுப்பார். பார்க்கிறவர்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். அதே இடத்தில் நானும் இழுக்க வேண்டும். இல்லாவிட்டால் வார்த்தை எவ்வளவு பொருந்தினாலும் குரல் முகத்தில் ஒட்டாது, கழன்ற போஸ்டர் மாதிரி தொங்கும். இதை ஒரு நாள் திக்கித் திக்கி மேடத்திடம் சொன்னேன். அன்றிலிருந்து என்னை "மூச்சு" என்றுதான் கூப்பிடுகிறார். "ஏ மூச்சு, சாப்பிட்டியா?"

அவர் பதினேழு வயதில் நடிக்க வந்தவர். முதல் படத்தில் சொந்தக் குரலில்தான் பேசினாராம். போட்டுப் பார்த்த தயாரிப்பாளர், "முகம் நிலா, குரல் தகர டப்பா" என்றாராம். அன்றைக்குப் போன குரல். எனக்கு முன்னால் இரண்டு பேர் அவருக்குப் பேசியிருக்கிறார்கள். மேடைகளில் மேடம் பேசுவதே இல்லை. கும்பிடுவார், சிரிப்பார், இறங்கிவிடுவார். ஜனங்கள் அதை அடக்கம் என்கிறார்கள்.

மார்ச் 9, ஞாயிறு

வீட்டிலிருந்து போன். நான் பேசக் கூடாது என்பதால் அம்மா இரண்டு பேருக்கும் சேர்த்துப் பேசினாள். "ம்-னு கூட சொல்லாதடி, நானே சொல்லிக்கிறேன்."

அப்பா வாங்கி, "உடம்பைப் பாத்துக்க பாப்பா" என்று மட்டும் சொன்னார். அப்பாவிடம் ஒன்று கேட்க வேண்டும். போன தடவை போயிருந்தபோது டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு டீ குடித்தார். ஒரு கையால் எடுத்தால் டீ தளும்பியது. அன்றிலிருந்தே நாக்கு நுனியில் நிற்கிறது. டாக்டர் பேசக் கூடாது என்றது ஒரு வகையில் நல்லதாகப் போயிற்று.

அப்பா பெயின்ட் ஆலையில் வேலை செய்கிறார், மஞ்சள் அரைக்கிற பகுதியில். சின்ன வயதில் அவர் நகம் எல்லாம் மஞ்சளாக இருப்பதைப் பார்த்து, அப்பாக்களுக்கு நகம் மஞ்சளாகத்தான் இருக்கும் என்று நினைத்திருந்தேன். எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒரு படம் மாட்டியிருக்கிறது. ஆலை மேனேஜர் எனக்கு மாலை போடுகிறார். தொழிலாளி வீட்டில் முதல் பட்டதாரி என்பதற்காக. படத்தில் நான் தரையைப் பார்க்கிறேன். அப்பா மட்டும் கேமராவைப் பார்க்கிறார்.

மார்ச் 10, திங்கள்

இன்று காகிதத்தில் எழுதிக் காட்டிப் பேசினேன். மேடமே ஸ்டுடியோவுக்கு வந்திருந்தார். சினிமா இல்லை, அவருடைய ஏரி விஷயம்.

அந்தக் கதை எனக்குத் தெரியும், எல்லோருக்கும் தெரியும். ஆறு வருடத்துக்கு முன்னால் ஒரு பாட்டு எடுக்க ஏரிக்கரைக்குப் போயிருக்கிறார்கள். தண்ணீர் முழுக்க இடுப்பளவு நுரை. டைரக்டர், "அருமை, மேகம் மாதிரி இருக்கு, இறங்குங்க மேடம்" என்றாராம். இறங்கி ஆடினார். கூட ஆடிய பெண்களும். சாயங்காலம் கணுக்காலில் தோல் உரிந்தது. பக்கத்தில் ஆடிய பெண்ணுக்குக் கண் சிவந்து, பிறகு ஒரு கண்ணில் பார்வை மங்கியது. "பாட்டு ஹிட்டு. இன்னைக்கும் கல்யாண வீட்டுல அதைத்தான் போடுறாங்க. எங்க கேட்டாலும் எனக்குக் காலு எரியும்" என்றார் மேடம். அதற்குப் பிறகு ஏரி ஏரியாகப் போக ஆரம்பித்தார். பேசுவதில்லை. போய் நிற்பார். அவர் நின்றால் கேமராக்கள் வந்துவிடும்.

இப்போது அந்த நுரை எங்கிருந்து வருகிறதோ அந்த ஆலைக்கு இரண்டாவது பிரிவு கட்ட அனுமதி கேட்டிருக்கிறார்கள். அடுத்த மாதம் அரசாங்கம் ஜனங்களைக் கூட்டிக் கருத்துக் கேட்கப் போகிறது. அதற்கு முன் ஒரு வீடியோ. கரையில் நின்று மேடம் கேமராவைப் பார்த்துச் சொல்கிறார். கடைசி வரி: "இந்த ஆலைய நிறுத்தணும்."

ஆலையின் பெயரை வசனக் காகிதத்தில் பார்த்தேன்.

மேடத்துக்கு என் ஊர் தெரியாது. யாரும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. இன்றாவது எழுதிக் காட்டியிருக்கலாம். பென்சில் கையில்தான் இருந்தது.

மார்ச் 13, வியாழன்

டாக்டர் வாய்ப்பூட்டைத் திறந்துவிட்டார். முதல் வேலை அந்த வீடியோ.

மூக்கு இன்னும் முழுதாகத் திறக்கவில்லை. சவுண்டு அண்ணன், "கொஞ்சம் சளி கேக்குது, பரவாயில்ல, ஏரிக்கரைக் காத்துன்னு நினைச்சுப்பாங்க" என்றார். முதல் வரிகள் எல்லாம் சுலபமாக வந்தன. திரையில் மேடத்தின் முகம் மட்டும் பெரிதாக. பின்னால் நுரை. அதற்கும் பின்னால் மங்கலாகப் புகைபோக்கி. அதன் கீழே வலது பக்கத்துக் கொட்டகையில் அப்பா.

கடைசி வரி. மேடம் மூச்சை இழுத்தார். நானும் இழுத்தேன்.

"இந்த ஆலைய திருத்தணும்."

அண்ணன் ஒரு காதில் ஹெட்போனும் ஒரு காதில் போனுமாக இருந்தார். உதட்டை மட்டும் பார்த்தார். "லிப் கச்சிதம். ஓகே. வெளிய வா தங்கச்சி, வேர்த்து ஊத்துது."

கழிப்பறையில் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன். திரும்பப் போய், அண்ணா இன்னொரு டேக் என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? போகவில்லை.

மார்ச் 14, வெள்ளி

கண்ணாடி முன்னால் சொல்லிப் பார்த்தேன். நிறுத்தணும். திருத்தணும். உதட்டில் துளி வித்தியாசம் இல்லை. நாக்கும் ஒரே இடத்தில்தான் போய் நிற்கிறது, மேல்பல்லுக்குப் பின்னால். முதல் எழுத்து, மூக்கு திறந்திருந்தால் நகரம், அடைத்திருந்தால் தகரம். எனக்கு மூக்கு அடைப்பு. ஆகவே மூக்கின் தப்பு.

அப்படியென்றால் 'ணும்' எப்படிச் சரியாக வந்தது? அதுவும் மூக்கில்தானே வர வேண்டும்?

மார்ச் 17, திங்கள்

வீடியோ வெளியாகிவிட்டது. காலையிலேயே அப்பா போன் செய்தார். வேலை நேரத்தில் அவர் கூப்பிடவே மாட்டார். பின்னால் இயந்திர இரைச்சல்.

"பாப்பா, நீதானே பேசியிருக்க?"

போனை இந்தக் காதிலிருந்து அந்தக் காதுக்கு மாற்றினேன்.

"நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். குரல் தெரியாதா எனக்கு? ஆலைய மூடச் சொல்லத்தான் அந்தம்மா வருதுன்னு எல்லாம் பயந்துக்கிட்டு இருந்தோம். திருத்தணும்னுதானே சொல்லியிருக்கு. மேனேஜரே கேன்டீன்ல போட்டுக் காட்டினாரு. நல்லா பேசுன பாப்பா. தன்மையா பேசுன."

அப்பா என்னை இப்படிப் பாராட்டியது எப்போது? பட்டம் வாங்கின அன்றுகூட "சரி, சாப்பிடு" என்றுதான் சொன்னார். நெஞ்சு நிறைந்தது. எதற்காக நிறைகிறது, வெட்கங்கெட்ட நெஞ்சு?

மார்ச் 18, செவ்வாய்

எல்லாம் ஒரே நாளில்.

ஏரிக்காக வழக்கு நடத்துகிற வக்கீல் அக்கா நேராக மேடம் வீட்டுக்கே வந்துவிட்டார். நானும் அங்கே இருந்தேன், புதுப் படத்து வசனப் பக்கங்களை வாங்கிக்கொள்ளப் போயிருந்தேன். "உங்களை நம்பி ஊர்க்காரங்க உயிரைக் கையில பிடிச்சிட்டு நிக்கிறாங்க. நீங்க ஆலைக்காரன் பாட்டையே பாடுறீங்களே?" என்றார். கையில் போன். அதில் என் குரல், தன்மையாக.

மேடத்தின் மேனேஜர் - எதற்கெடுத்தாலும் "கால்ஷீட் இடிக்கும்" என்பார், அதனால் நாங்கள் அவரை கால்ஷீட் என்போம் - அவருக்கு மட்டும் சந்தோஷம். "விடுங்க மேடம். இதுவும் நல்லதுதான். ரெண்டு பக்கமும் கெட்ட பேர் இல்ல."

மேடம் வீடியோவைச் சத்தமில்லாமல் ஒரு முறை பார்த்தார். சத்தத்தோடு ஒரு முறை பார்த்தார். "நான் சொன்னது இது இல்ல."

"அப்ப அந்த சவுண்டு ஆள்தான். விலை போயிட்டான். இன்னையோட அவனுக்குச் சீட்டைக் கிழிச்சிடுறேன்" என்று கால்ஷீட் போனை எடுத்தார். சவுண்டு அண்ணனுக்கு இரண்டு பிள்ளைகள்.

மேடம் என் பக்கம் திரும்பினார். "மூச்சு. மூக்கடைப்பா?"

கதவைத் திறந்து வைத்துவிட்டு, போய்விடு என்று சொல்வது மாதிரி கேட்டார். ஆமாம் என்று தலையாட்டினால் போதும்.

"இல்ல மேடம்" என்றேன். "நான்தான். எங்கப்பா அங்க வேலை பாக்கிறாரு."

கால்ஷீட் ஏதோ கத்தினார். மேடம் கத்தவில்லை. அதுதான் தாங்கவில்லை.

"பதினேழு வயசுலேர்ந்து என் வாயில வேற ஒருத்தி குரலை வைக்கிறாங்க. சரின்னு விட்டேன். வார்த்தையாவது என்னோடதுன்னு நினைச்சுட்டு இருந்தேன்மா."

மூச்சு என்று சொல்லவில்லை. 'மா' என்று முடித்தார், தெரியாதவர்களைக் கூப்பிடுவது போல.

மார்ச் 20, வியாழன்

யாரும் கூப்பிடவில்லை. வீடியோவை எடுத்துவிட்டார்கள், ஆனால் அது போன் போனாகப் பரவிவிட்டது. தெருமுனை டீக்கடையில்கூட ஓடுகிறது. டீ வாங்கப் போய் வாங்காமல் திரும்பினேன்.

மார்ச் 24, திங்கள்

நேற்று வீட்டுக்குப் போயிருந்தேன். பஸ் ஆலை வாசலில் திரும்பும். அங்கே ஒரு போர்டு உண்டு. நான் ஆறாம் வகுப்பு படிக்கும்போதே இருந்தது. "திருத்தப் பணிகள் நடைபெறுகின்றன. சிரமத்துக்கு வருந்துகிறோம்." எழுத்து மங்கும்போதெல்லாம் புதுப் பெயின்ட் அடித்துவிடுவார்கள். நேற்றும் பளபளவென்று இருந்தது. ஆயிரம் தடவை படித்த போர்டு. பஸ் கம்பியைப் பிடித்துக்கொண்டு அதையே பார்த்தேன். நான் மேடம் வாயில் வைத்தது என் வார்த்தைகூட இல்லை. இந்த போர்டில் இருக்கிற வார்த்தை.

சாப்பிடும்போது கேட்டேன். "அப்பா, அந்தத் திருத்தப் பணி என்னப்பா ஆச்சு?"

அப்பா சிரித்தார். "போர்டை மட்டும் தவறாம திருத்துறாங்க. நம்ம கம்பெனி பெயின்ட்தான், நல்லா நிக்குது பாரு."

"அப்ப மேடம் சொன்னது..."

சிரிப்பு நின்றது. "பாப்பா. அந்த ஆலை இல்லன்னா நீ எங்க படிச்சிருப்ப? இந்தத் தெருவுல எந்த வீட்டுல உலை கொதிக்கும்? திருத்துறானோ இல்லையோ, ஓடுதில்ல?"

இன்று காலையில் அவர் வேலைக்குக் கிளம்பும்போது பார்த்தேன். அம்மா அவர் எதிரில் நின்று சட்டைப் பட்டன் போட்டுவிட்டாள், ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்குப் போடுகிற மாதிரி. அப்பா சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் பார்க்கிறேன் என்று தெரிந்ததும், "கை இப்பல்லாம் சொல் பேச்சு கேக்க மாட்டேங்குது, உங்கம்மா மாதிரி" என்றார். அம்மா பட்டனை வெடுக்கென்று இழுத்தாள். இரண்டு பேரும் சிரித்தார்கள்.

அப்பா போன பிறகு அம்மா மெல்லச் சொன்னாள். "அந்தப் பகுதியில இருக்கிற எல்லாருக்கும் அப்படித்தான்டி இருக்கு. ஆஸ்பத்திரிக்குப் போனா வேலைய விட்டு எடுத்துடுவாங்கன்னு ஒருத்தரும் போறதில்ல. நீ எதுவும் கேட்டு வைக்காத."

கேட்கவில்லை. பஸ் ஏறிவிட்டேன்.

ஏப்ரல் 1, செவ்வாய்

மேடம் போன் செய்தார். ஏப்ரல் ஒன்றாம் தேதி என்பதால் யாரோ விளையாடுகிறார்கள் என்று நினைத்தேன். ஏனென்றால் குரல் அடையாளமே தெரியவில்லை. நான்கு வருடத்தில் அவர் என்னிடம் போனில் பேசியதே இல்லை.

"மூச்சு, கருத்துக் கேட்கிற கூட்டத்துல வீடியோ எல்லாம் செல்லாதாம். ஆள் நேர்ல நின்னு பேசணுமாம். கால்ஷீட் சொல்றான், நான் உதட்டை அசைக்கிறதாம், நீ திரைக்குப் பின்னாடி நின்னு பேசுறதாம். கோமாளிக் கூத்து. நானே பேசப் போறேன்."

"நல்லது மேடம்" என்றேன்.

"எனக்குப் பயமா இருக்கு" என்றார். "நீ இருபது படத்துக்கு என் உதட்டைப் பாத்துப் பேசியிருக்க. எனக்குப் பேசச் சொல்லிக் குடு."

ஏப்ரல் 4, வெள்ளி

அதே அறை. இன்று மைக் முன்னால் மேடம், கண்ணாடிக்கு இந்தப் பக்கம் சவுண்டு அண்ணனும் நானும். அண்ணன் என்னைப் பார்த்து, "உன்னால என் சீட்டு கிழியப் பாத்துச்சு, தெரியுமில்ல?" என்றார். பிறகு பிஸ்கட் பாக்கெட்டை என் பக்கம் தள்ளினார். அவ்வளவுதான். நான் அழவில்லை - கொஞ்சம்தான்.

மேடத்தின் குரல் நிஜமாகவே தகரம்தான். மழை பெய்கிற தகரம். சத்தமாகச் சொன்னால் உடைகிறது, மெதுவாகச் சொன்னால் கரகரக்கிறது. அவர் என் குரலைப் போல, இனிமையாகப் பேசப் பார்த்தார். அதனால் இன்னும் மோசமாக வந்தது.

"என்னை மாதிரி பேசாதீங்க மேடம்."

"உன்னை மாதிரியா? நான் என்னை மாதிரில்ல பேசுறேன்!" என்றார். பிறகு தான் சொன்னதைத் தானே கேட்டு, மைக் ஸ்டாண்டைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கண்ணில் தண்ணீர் வரும்வரை.

மூச்சு எங்கே இழுக்க வேண்டும் என்று மட்டும் சொன்னேன். அது அவருக்கே தெரிந்த இடங்கள்தான். நான் அவரிடமிருந்து கற்றதைத் திருப்பிக் கொடுத்தேன்.

போகும்போது கேட்டார். "அன்னைக்கு உங்க அப்பா இருப்பாரா?"

"ஆலைப் பக்கம் பேசுறவங்க பட்டியல்ல அவர் பேரும் இருக்காம் மேடம். அம்மா சொன்னா."

அவர் என் தலையில் கை வைத்தார்.

ஏப்ரல் 11, வெள்ளி

நாளை. கருத்துக் கேட்கிற கூட்டம். நான் பேசப்போவதில்லையே, எனக்கென்ன பயம்? பின் வரிசையில் போய் உட்கார்ந்து திரும்பி வந்துவிடலாம்.

ஏப்ரல் 13, ஞாயிறு

நேற்று எழுத முடியவில்லை. இன்று வரிசையாக எழுதிவிடுகிறேன், மறக்காமல் இருப்பதற்காக இல்லை. நடந்ததுதான் என்று நம்புவதற்காக.

பெரிய பந்தல். ஒரு பக்கம் ஊர்க்காரர்கள், ஒரு பக்கம் ஆலைச் சட்டை. மஞ்சள் பகுதிக்காரர்கள் மூன்றாவது வரிசை. அப்பா ஓரத்தில். இரண்டு கையையும் தொடைக்குக் கீழே வைத்து அதன் மேல் உட்கார்ந்திருந்தார்.

மேடம் மைக் முன்னால் வந்ததும் இரண்டு பக்கமும் கைதட்டல். நடிகைக்கு யார்தான் கைதட்ட மாட்டார்கள்? அவர் மூச்சை இழுத்தார். "எல்லாருக்கும்" என்று ஆரம்பித்தார்.

அவ்வளவுதான். பந்தல் சிரித்தது.

"யாருய்யா மைக்ல டப்பாவை உருட்டுறது?"

"இது எங்க மேடம் குரல் இல்ல! டூப்பு போட்டு ஏமாத்துறாங்க!"

"மேடம், தொண்டை கட்டிருந்தா வெந்நீர் குடிச்சிட்டு நாளைக்கு வாங்க!"

அவரையே அவர் இல்லை என்றார்கள். அதிகாரி மேஜையைத் தட்டினார். ஆலைப் பக்கமிருந்து ஒருவர் எழுந்து, "ஐயா, எங்க மேடம் ஏற்கெனவே வீடியோவுல திருத்தணும்னு சொல்லிட்டாங்க. இந்தப் புதுக் குரலுக்கு என்ன ஆதாரம்?" என்றார். அதற்கும் கைதட்டல். மேடத்தின் உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. அவர் கண் பின் வரிசையில் என்னைத் தேடியது. உதவி கேட்கிற பார்வை இல்லை அது. விளக்கு அணைந்தால் எல்லோரும் சுவரைத் தேடுவார்களே, அப்படி.

நான் எப்போது எழுந்தேன் என்று தெரியாது.

"அந்தக் குரல் இங்க இருக்கு" என்றேன்.

மைக் இல்லை. ஆனாலும் இருபது படத்துக் குரல், தெரியாமல் இருக்குமா? வரிசை வரிசையாகத் திரும்பினார்கள். சின்னப் பிள்ளை ஒன்று, "அம்மா, மேடம் அந்த அக்காக்குள்ள இருக்காங்க" என்றது. கால்ஷீட் தலையில் கை வைத்துக்கொண்டார். வெளிச்சம். அத்தனை முகங்கள். நாக்கு மேலே ஒட்டியது. நான் மேடத்தைப் பார்த்தேன். அவர் எனக்காக மூச்சை இழுத்தார். நிஜமாக. நானும் இழுத்தேன்.

"படத்துல பேசுறது நான். வீடியோவுல பேசுனதும் நான்தான். மேடம் நிறுத்தணும்னுதான் சொன்னாங்க. நான் திருத்தணும்னு மாத்திப் பேசிட்டேன். எங்கப்பா இந்த ஆலையில மஞ்சள் அரைக்கிறாரு. அந்தப் பயத்துல பேசுனேன். இப்ப பேசுறவங்கதான் மேடம். அவங்களைக் கேளுங்க."

உட்கார்ந்தேன்.

பிறகு மேடம் பேசினார். தகரக் குரலில், உடைய வேண்டிய இடத்தில் எல்லாம் உடைந்து. நுரையில் ஆடியது, கணுக்கால், அந்தப் பெண்ணின் கண். யாரும் சிரிக்கவில்லை. "நிறுத்தணும்" என்று அவர் சொன்னபோது அந்த 'நி' மைக்கில் அறைந்தது. நான் ஒருநாளும் அப்படிச் சொல்லியிருக்க மாட்டேன்.

அதற்குப் பின் அப்பாவின் பெயரைக் கூப்பிட்டார்கள்.

ஆலை மேனேஜர் எழுதிக் கொடுத்த தாள் சட்டைப் பையில் இருந்தது. எடுக்கப் பார்த்தார். விரல் பையைத் தேடித் தேடி வழுக்கியது. இரண்டு முறை. பின்னாலிருந்து ஒருவன், "சினிமாக்காரி அப்பன், டயலாக் மறந்துட்டாரு" என்றான். அப்பா முயற்சியை விட்டுவிட்டு மைக் கம்பியைப் பிடித்தார். கம்பி கடகடவென்று ஆடியது. ஒலிபெருக்கி அந்த நடுக்கத்தைப் பந்தல் முழுக்கக் கொண்டுபோனது. கையை எடுத்தார். நின்றது. வைத்தார். மறுபடி கடகட.

டயலாக் என்று கத்தியவன் உட்கார்ந்துவிட்டான்.

"பேசுனது எம் பொண்ணு" என்றார் அப்பா. "அதுக்கு மேல எனக்குப் பேச வரல."

போய் தன் வரிசையில் உட்கார்ந்தார். அவர் பக்கத்தில் இருந்தவர்கள் விலகி உட்கார்ந்தார்களா, இடம் விட்டார்களா, தெரியவில்லை. இரண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும்.

வெளியே காத்திருந்தேன். அப்பா என்னைக் கடந்து போனார்.

ஏப்ரல் 30, புதன்

போன் செய்தால் அம்மாதான் எடுக்கிறாள். "அவர் தூங்குறாருடி." பகல் பதினோரு மணிக்கு.

மே 20, செவ்வாய்

ஒப்பந்தத்தை மீறியதால் அந்தக் கம்பெனி படங்கள் எனக்கு இனி இல்லை. சவுண்டு அண்ணன் ஒரு கார்ட்டூன் வாங்கிக் கொடுத்திருக்கிறார். இப்போது நான் ஓர் அணில். கொட்டையைத் தொலைத்துவிட்டுப் பதின்மூன்று அத்தியாயம் தேடுகிறேன். "கேரக்டருக்கு வெட்கம் அதிகம், உனக்குச் சரியா இருக்கும்" என்றார் அண்ணன்.

மேடத்தின் இரண்டு படங்கள் கைமாறிவிட்டன. ஒரு புது டைரக்டர் மட்டும் வந்து, "இந்தக் குரல் இருந்தா போதும், நீதிபதி வேஷம்" என்றாராம். நேற்று மேடமே வந்து தனக்குத் தானே டப்பிங் பேசினார். நான் பக்கத்து அறையில் அணிலாக இருந்தேன். இடைவேளையில் கதவைத் தட்டி, "ஏ மூச்சு, என் உதட்டுக்கு என்னாலயே பேச முடியலடி, எப்படித்தான் பேசுன?" என்றார். டி என்றார்!

ஜூன் 3, செவ்வாய்

வக்கீல் அக்கா சொன்னார்: இரண்டாவது பிரிவுக்கு அனுமதி இல்லை. பழையது ஓடும், வழக்கு முடிகிற வரை.

வாசலில் அந்த போர்டை எடுத்துவிட்டார்களாம். அம்மா சொன்னாள். "வெறும் கம்பி ரெண்டு நிக்குதுடி. பார்க்கவே ஒரு மாதிரி இருக்கு." பிறகு, "ஒரு தடவை வந்துட்டுப் போ. அவர் கேக்க மாட்டாரு. ஆனா தெருவுல பஸ் சத்தம் கேட்டா எட்டிப் பாக்கிறாரு."

ஜூன் 9, திங்கள்

நேற்று சாயங்காலம் வந்தேன். அப்பா "வா" என்றார். சாப்பிடும்போது "அணில் எப்படி இருக்கு?" என்றார். "கொட்டை கிடைக்கலப்பா" என்றேன். கூடத்தில் மாலை போடுகிற படம் இல்லை. அதே ஆணியில் அப்பாவின் சட்டை தொங்கியது. யார் எடுத்தது என்று கேட்கவில்லை.

இன்று காலை அம்மா கடைக்குப் போயிருந்தாள், வேண்டுமென்றேதான் போனாள் என்று நினைக்கிறேன். அப்பா ஆலைச் சட்டையை மாட்டிக்கொண்டு அறையிலிருந்து வந்தார். முன்பக்கம் திறந்திருந்தது. கொஞ்ச நேரம் வாசலைப் பார்த்தார். பிறகு என் எதிரில் வந்து நின்றார். சுவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

கீழிருந்து போட ஆரம்பித்தேன். ஒவ்வொன்றாக. அவர் கை இரண்டும் பக்கத்தில் தொங்கி, தாமாக ஆடிக்கொண்டிருந்தன. கழுத்துப் பட்டனுக்கு வந்ததும் என் விரல் நின்றது. இருட்டு இல்லை, திரை இல்லை, பேச வேறு யாருடைய உதடும் இல்லை. அப்பா மூச்சை இழுத்தார். நானும் கூடவே இழுத்தேன். மூக்கு நன்றாகத் திறந்திருந்தது.

"அப்பா, நிறுத்திடுங்கப்பா. இன்னைக்குப் போகாதீங்க. என்கூட ஆஸ்பத்திரிக்கு வாங்க."